ரங்கூன் முதல் சென்னை வரை: 1,770 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

"எடுக்குறதுக்குள்ள போய்ச் சேர்ந்திடலாமா தம்பி?"

ரங்கூனில் டிக்கெட் போட்டுத் தரும் கடையில் வேலை பார்ப்பதால் இந்தக் கேள்வியை வருஷத்தில் ஐந்தாறு தடவையாவது கேட்கிறேன். கல்யாணத்துக்குப் போகிறவர்கள் ஒரு மாதம் முன்னாடியே வந்து விலை விசாரிப்பார்கள். சாவுக்குப் போகிறவர்கள் விடிவதற்குள் போன் பண்ணுவார்கள். எங்கள் தெரு அக்கா ஒருவர் ஒரு புதன்கிழமை காலை ஐந்து மணிக்கு அப்படித்தான் கூப்பிட்டார். ஆவடியில் இருந்த அவருடைய பெரியப்பா தவறிவிட்டார். போனில் தானே தேடிப் பார்த்திருக்கிறார். ஓர் இடத்தில் இரண்டரை மணி நேரம் என்று வருகிறது, இன்னோர் இடத்தில் பதினைந்து மணி நேரம் என்று வருகிறது. எது நிஜம் என்று அழுதுகொண்டே கேட்டார்.

இரண்டும் நிஜம்தான். ஆனால் அழுகிறவரிடம் போனில் அதை எப்படி விளக்குவது? அதனால்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் தூரம். இங்கே விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே மிங்கலாடோனில் இருக்கிறது. அங்கே மீனம்பாக்கம். இந்த இரண்டுக்கும் இடையே நேர் தூரம் ஏறக்குறைய 1,770 கிலோமீட்டர். கடல் மைலில் சொன்னால் 955. இந்த எண்ணை மட்டும் சொன்னால் யாருக்கும் மனதில் ஒட்டாது. அதனால் நான் வேறு மாதிரி சொல்வேன். சென்னையிலிருந்து டெல்லி விமான நிலையம் ஏறக்குறைய 1,760 கிலோமீட்டர். அதாவது சென்னைக்காரருக்கு டெல்லியும் ரங்கூனும் ஒரே தொலைவு. வித்தியாசம் பத்து கிலோமீட்டர், மீனம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் போகிற அளவுகூட இல்லை. இதைச் சொன்னதும் நம்பாமல் வரைபடத்தைத் திறந்து நூலை வைத்து அளந்து பார்த்தவர்கள் எங்கள் கடையில் உண்டு. பர்மா என்றாலே ஏதோ உலகத்தின் அந்தக் கோடி என்று தமிழ்நாட்டில் ஒரு நினைப்பு. இங்கே பிறந்து வளர்ந்த எங்களுக்கும் தமிழ்நாடு அப்படித்தான் தோன்றுகிறது. இரண்டு நினைப்புக்கும் காரணம் தூரம் கிடையாது.

நேர் தூரம் என்றால் பூமியின் உருண்டையான முதுகின் மேல் மிகக் குறுகிய வழி. லண்டன், டோக்கியோ போன்ற நெடும் பயணங்களில் இந்த வழி வரைபடத்தில் பெரிய வில்லாக வளைந்து தெரியும். ரங்கூன் 17 டிகிரி வட அட்சத்திலும் சென்னை 13 டிகிரியிலும் இருப்பதாலும், தூரம் குறைவு என்பதாலும், நமக்கு அந்த வளைவு கண்ணுக்கே தெரியாது. கிளம்பிய விமானம் தென்மேற்காகத் திரும்பி ஐராவதி டெல்டாவின் மேல் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கீழே வாய்க்காலும் வயலும் தெரியும். நம் ஆட்கள் நெல் அறுத்து, நிலம் திருத்தி, கடன் வாங்கி, கடன் கொடுத்து வாழ்ந்த மண் அது. 2008 மே மாதம் நர்கீஸ் புயல் ஏறிவந்து லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதும் அந்த மண்ணில்தான். அப்புறம் கரை முடிகிறது. ஆற்று வண்டல் கலந்து டீ நிறத்தில் இருக்கிற தண்ணீர் கொஞ்ச நேரத்தில் பச்சையாகி, நீலமாகிவிடும். அதற்குப் பிறகு சென்னை வரை கடல்தான். நடுக்கடலில் இருக்கும்போது வடமேற்கே விசாகப்பட்டினம் சுமார் 600 கிலோமீட்டர், தென்கிழக்கே போர்ட் பிளேர் 630 கிலோமீட்டர். இரண்டு எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றாலும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்க ஒரு நிலையம் இருக்க வேண்டும் என்பது பழைய அடிப்படை விதி. அதைத் தாண்டிப் பறக்கத் தனி அனுமதி வேண்டும். வங்காள விரிகுடாவைக் குறுக்கே கடக்கிற இந்த வழிக்கு அந்த இரண்டு ஊர்களும் காவலுக்கு நிற்கிற மாதிரி.

இனி நேரம். ஜெட் விமானம் உயரத்தில் மணிக்குச் சுமார் 830 கிலோமீட்டர் போகும். 1,770ஐ 830ஆல் வகுத்தால் 2 மணி 8 நிமிடம். அப்படியானால் டிக்கெட்டில் ஏன் இரண்டரை மணி என்று போட்டிருக்கிறது? டிக்கெட்டில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. வாயிலிலிருந்து விமானம் நகர ஆரம்பிப்பது முதல் அந்தப் பக்கம் வாயிலில் வந்து நிற்பது வரை எல்லாம் சேர்ந்த கணக்கு. ஓடுபாதை வரை உருண்டு போவது, முன்னால் இருக்கிற விமானங்களுக்கு வழிவிடுவது, ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவாக இருப்பது எல்லாம் அதில் அடக்கம். விமானம் நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டிலும் போவதில்லை. வானத்திலும் குறித்துவைத்த பாதைகள் உண்டு, அவற்றை ஒட்டித்தான் போக வேண்டும்.

காற்றும் ஒரு பங்காளி. ஜூன் முதல் செப்டம்பர் வரை, கீழே தென்மேற்குப் பருவக்காற்று வீசிக்கொண்டிருக்கும்போது, மேலே வெகு உயரத்தில் அதற்கு நேர் எதிராகக் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு வேகமான காற்று ஓடுகிறது. வெப்பமண்டலக் கிழக்கு ஜெட் காற்று என்று அதற்குப் பெயர். 1950களில் அதை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர் இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த கோட்டீஸ்வரம். அதன் முழு வேகம் பயணிகள் விமானம் பறக்கும் உயரத்துக்கும் மேலே இருந்தாலும், அதன் கீழ்ப்பகுதி நம் விமானத்தையும் தொடும். கணக்குக்கு மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதுகில் தள்ளினால் 2 மணி 8 நிமிடம் என்பது 1 மணி 59 நிமிடமாகும். முகத்தில் அடித்தால் 2 மணி 18 நிமிடம். மழைக்காலத்தில் இங்கிருந்து போகும்போது சீக்கிரம் போகலாம், திரும்பும்போது கொஞ்சம் கூடுதலாகும்.

சென்னையில் இறங்கும்போதும் காற்றுதான் முடிவு செய்கிறது. விமானம் பொதுவாகக் காற்றுக்கு எதிர்முகமாகத்தான் இறங்கும். மேற்கிலிருந்து காற்று அடிக்கிற நாளில் கடல் பக்கமிருந்து வந்தபடியே நேராக இறங்கிவிடலாம். கடல்காற்று அடிக்கும்போதும் மார்கழி வாடைக்காற்றின்போதும் கிழக்கே மூக்கை வைத்து இறங்க வேண்டும். அப்போது கிழக்கிலிருந்து வருகிற நம் விமானம் ஊரைத் தாண்டி மேற்கே போய்த் திரும்பி வரும். "ஊரு தெரிஞ்சுச்சு, அப்புறம் ஏன் சுத்துறான்?" என்று பக்கத்து இருக்கைப் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டதற்கு இதுதான் பதில்.

இதெல்லாம் பத்து நிமிடம், கால் மணி நேர விஷயம். ஆளை ஏமாற்றுவது கடிகாரம்தான். பர்மா உலக நேரத்துக்கு ஆறரை மணி முன்னால், இந்தியா ஐந்தரை மணி முன்னால், தாய்லாந்து ஏழு மணி முன்னால். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கணக்கிலும், சேரும் நேரம் சேரும் ஊர்க் கணக்கிலும் அச்சாகும். இங்கே 10:00 மணிக்குக் கிளம்பும் நேரடி விமானம் சென்னையில் 11:30க்கு இறங்கும் என்று போட்டிருப்பார்கள். ஒன்றரை மணி நேரத்தில் போய்விடுகிறதே என்று சந்தோஷப்படுவார்கள். திரும்பும்போது 12:30க்குக் கிளம்பி 16:00க்குச் சேரும் என்றிருக்கும். மூன்றரை மணி நேரமா என்று சண்டைக்கு வருவார்கள். இரண்டும் அதே இரண்டரைதான். போகும்போது ஒரு மணி நேரம் கையில் கிடைக்கிறது, வரும்போது திருப்பிக் கொடுக்கிறோம்.

அந்த டிக்கெட்டில் ஊர்ப்பெயருக்கு மூன்றெழுத்துக் குறி இருக்கும். ரங்கூனுக்கு ஆர்.ஜி.என்., சென்னைக்கு எம்.ஏ.ஏ. இரண்டு ஊரும் பெயரை மாற்றிக்கொண்டுவிட்டன. யாங்கோன் என்றும் சென்னை என்றும் அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டார்கள். ஆனால் பெட்டியில் ஒட்டுகிற சீட்டில் இன்றைக்கும் ரங்கூனும் மெட்ராஸும்தான். எங்கள் தாத்தா கப்பல் சீட்டில் பார்த்த அதே இரண்டு ஊர்கள். எனக்கு அது பிடிக்கும்.

சரி, அக்காவுக்கு வருகிறேன். நேரடி விமானம் நாள்தோறும் கிடைப்பதில்லை. அந்தப் புதன்கிழமை இல்லை. கொல்கத்தா வழியாகவும் அன்றைக்கு எதுவும் ஒத்துவரவில்லை. மிஞ்சியது பாங்காக். இப்போது பாருங்கள், தூரத்துக்கு என்ன ஆகிறது என்று. சென்னை மேற்கே இருக்கிறது. பாங்காக் தென்கிழக்கே. முதலில் 610 கிலோமீட்டர் எதிர்ப்பக்கம் போய், அங்கிருந்து 2,230 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். மொத்தம் 2,840. கொல்கத்தா வழி என்றால் 1,030 கிலோமீட்டரும் அதற்கு மேல் 1,380 கிலோமீட்டரும் சேர்ந்து 2,410. கோலாலம்பூர் வழி 4,300, சிங்கப்பூர் வழி 4,800க்கு மேல். ஒரே ஊருக்கு ஐந்து தூரம்.

அக்காவின் டிக்கெட் இப்படி இருந்தது. ரங்கூனில் காலை 10:00. பாங்காக்கில் 11:45. அங்கே இரவு 22:00க்கு அடுத்த விமானம். சென்னையில் நள்ளிரவு 00:00. இதைக் கடிகார வித்தியாசத்தைக் கழித்துப் படித்தால், முதல் பறப்பு ஒன்றே கால் மணி, இரண்டாவது மூன்றரை மணி. ஆக, வானத்தில் இருப்பது நாலே முக்கால் மணி நேரம். மீதி பத்தே கால் மணி நேரமும் பாங்காக்கில் நாற்காலியில். அந்தப் பதினைந்து மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நேரம் ஒரு கிலோமீட்டர்கூட நகரவில்லை. பயண நேரம் என்று இணையம் காட்டுகிற எண்ணில் பெரும்பகுதி இந்த நாற்காலிதான்.

பாங்காக்கில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. அங்கே இரண்டு விமான நிலையங்கள், சுவர்ணபூமி ஒன்று, டான் முவாங் ஒன்று. இரண்டுக்கும் இடையே நகரத்தின் நெரிசலைத் தாண்டிப் போக வேண்டும். எங்கள் பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவருக்கு வேறொரு கடையில் மலிவாக இருக்கிறது என்று இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். டான் முவாங்கில் இறங்கினார். அடுத்த விமானம் சுவர்ணபூமியில். குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, டாக்ஸி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். தனித்தனி டிக்கெட் என்பதால் பணமும் போயிற்று. ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி தானாக மாறும். முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. கொஞ்சம் காசு கூடினாலும் ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள் என்று நான் கெஞ்சுவதற்கு இதுதான் காரணம்.

எங்கள் தாத்தா காலத்தில் இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. மெட்ராஸ் துறைமுகத்தில் ஏறினால் ரங்கூனில் இறங்கலாம், அவ்வளவுதான். ஏறக்குறைய ஆயிரம் கடல் மைல். மணிக்குப் பன்னிரண்டு மைல் போகிற நீராவிக் கப்பலுக்கு எண்பத்து மூன்று மணி நேரம், மூன்றரை நாள். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிதான் இந்த வழியில் பெரிய ஆள். 1856இல் அந்தக் கம்பெனி தொடங்கியபோது அதன் பெயரே கல்கத்தா அண்ட் பர்மா நீராவிக் கப்பல் கம்பெனி. செட்டியார்கள் பெட்டகத்தோடு வந்தார்கள், எங்கள் ஆட்கள் பாயோடு மேல்தளத்தில் வந்தார்கள். பர்மா 1937 ஏப்ரல் 1இல் இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிக்கப்படும்வரை இது வெளிநாட்டுப் பயணமே இல்லை, ஒரே ராஜ்யத்துக்குள் போகிற பயணம். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். சுமார் நாலு லட்சத்தில் இரண்டு லட்சத்துக்கும் அதிகம்.

விமானமும் சீக்கிரமே வந்துவிட்டது. 1930களில் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போகிற இம்பீரியல் ஏர்வேஸ் விமானங்கள் கல்கத்தாவைத் தாண்டி ரங்கூனிலும் இறங்கின. போருக்குப் பிறகு மிங்கலாடோன் தென்கிழக்காசியாவின் முக்கியமான விமான நிலையங்களில் ஒன்று. பாங்காக் போகிறவர்கள் ரங்கூன் வழியாகப் போன காலம் அது. இன்று நாங்கள் பாங்காக் வழியாகச் சென்னை போகிறோம். வங்காள விரிகுடா அகலமாகிவிடவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது லட்சக்கணக்கானவர்கள் கப்பல் கிடைக்காமல் அராக்கான் மலையிலும் அஸ்ஸாம் காட்டிலும் நடந்தே போனார்கள். வழியிலேயே விழுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 1962இல் ராணுவம் ஆட்சிக்கு வந்தது. கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலிலும் விமானத்திலும் திரும்பிப் போனார்கள். அவர்களில் தமிழர்கள் பலர் வியாசர்பாடியில் குடியேறினார்கள், பாரிமுனையில் பர்மா பஜார் போட்டார்கள், அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் விற்றார்கள். அதற்குப் பின் போகவர ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததும் கப்பல் நின்றது, விமானம் குறைந்தது.

ஒரு விமான வழி உயிரோடு இருப்பது போகிறவர்களின் எண்ணிக்கையால்தான், இதில் யாரையும் குறைசொல்லிப் பயனில்லை. புத்தகயா யாத்திரைக் காலத்தில் இங்கிருந்து கயாவுக்கு நேரடி விமானம் போகிறது. ஏனென்றால் பர்மியப் பௌத்தர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். சென்னைக்குப் போகிறவர்கள் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிறவர்கள். நாங்கள் சிதறிப் போகிறோம். மோல்மேனிலும் பெகுவிலும் தாட்டனிலும் தமிழ்க் கிராமங்களே இருக்கின்றன. ஆனால் அங்கே பலரிடம் பாஸ்போர்ட் எடுக்கும் அளவுக்குக் காகிதம் கிடையாது. 1982ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டம் மூன்று படிநிலை வைத்தது. தாத்தா எந்த வருஷம் வந்தார் என்று நிரூபிக்க முடியாத பேரன் எந்த விமானத்திலும் ஏற முடியாது. அவனுக்கு 1,770 கிலோமீட்டர் என்ன, 17 கிலோமீட்டர் என்ன? 2020 மார்ச் கடைசியில் கொரோனாவுக்காக வழக்கமான பன்னாட்டு விமானங்களை நிறுத்தியபோது எல்லோருக்குமே அந்த நிலைமை வந்தது. 2022 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தார்கள். அந்த இரண்டு வருஷமும் எங்கள் கடை போன் விடியற்காலையில் அடிக்கும்போது எடுப்பதற்கே மனசு வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மில் நிறைய பேருக்குச் சென்னை போகிற ஊரே இல்லை. சிவகங்கை, காரைக்குடி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று போகிறவர்கள். சென்னையில் இறங்கியபின் காரைக்குடிக்கு இன்னும் 400 கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் ஏழெட்டு மணி நேரம். கடலைத் தாண்ட ஆனதைப்போல மூன்று மடங்கு. இவர்களுக்குச் சில சமயம் கோலாலம்பூர் வழியாக நேரே திருச்சியில் இறங்குவதே நல்லது. விமானத் தூரம் நேர்வழியைப்போல் இரண்டரை மடங்கு ஆகும். ஆனால் திருச்சியிலிருந்து காரைக்குடி 90 கிலோமீட்டர்தான். நள்ளிரவில் சென்னையில் பெட்டியோடு பஸ் தேடுகிற எழுபது வயதுக்காரருக்கு இது பெரிய விஷயம். ஆகவே என்னிடம் வருகிறவரிடம் "எந்த நாட்டுக்கு" என்று கேட்பதில்லை. "எந்த வீட்டு வாசலுக்கு" என்று கேட்பேன். அப்புறம் "என்னைக்கு" என்று கேட்பேன். நேரடி விமானம் இருக்கிற கிழமைக்கு ஒரு நாள் தள்ளிக் கிளம்பினால் பல சமயம் முன்னாலேயே போய்ச் சேரலாம்.

அக்காவுக்கு ஒரு நாள் தள்ள வழியில்லை. நல்லவேளை, விசா கையில் இருந்தது. பத்து மணி விமானத்தில் ஏறிவிட்டார். ஆவடியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போது பாங்காக்கில் மணி ஆறரை. சுவர்ணபூமியில் ஒரு தூணோரம் உட்கார்ந்து, சார்ஜர் வயரைச் சுவரில் சொருகிக்கொண்டு, போனில் பார்த்திருக்கிறார். பறையடிக்கிற சத்தம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று ஒலியைக் குறைத்துவிட்டாராம். மறுநாள் காலை பால் தெளிக்கத்தான் போய்ச் சேர முடிந்தது.

திரும்பி வந்ததும் கடைக்கு வந்தார். டெல்லியில் வேலை பார்க்கிற சித்தப்பா மகனும் அதே காலையில்தான் செய்தி கேட்டிருக்கிறான். அவனும் பத்து மணி விமானம்தான் ஏறினானாம். இரண்டரை மணிக்கெல்லாம் வாசலுக்கு வந்து, நீர்மாலைக்குக் குடம் எடுத்திருக்கிறான்.